ஒரே என்ஜின், இரண்டு கார்: பெருங்களத்தூரில் தோற்ற ஒரு மாற்று அறுவை சிகிச்சை

பி.காம். படிக்கிற ஆள் கார் என்ஜின் பற்றி எழுதினால் வகுப்பில் சிரிப்பார்கள் என்று தெரியும். ஆனால் இது என்ஜின் கதை மட்டும் இல்லை. ஒரு கம்பெனி தன்னிடம் இருந்த பழைய சரக்கை வைத்து ஒரு பெரிய முடிவு எடுத்து, அந்த முடிவாலேயே மூடப்பட்ட கதை. நம் காஸ்ட் அக்கவுண்டன்சி பாடத்தில் இருக்க வேண்டிய கதை. அதுவும் நம் ரோட்டிலேயே நடந்தது.

ஒலக்கூரிலிருந்து சென்னைக்குப் போக ஜி.எஸ்.டி. ரோடுதான். அச்சரப்பாக்கம், மேல்மருவத்தூர், மதுராந்தகம், செங்கல்பட்டு, கூடுவாஞ்சேரி, வண்டலூர் என்று ஒவ்வொன்றாகத் தாண்டினால் தாம்பரத்துக்குச் சற்று முன்னால் பெருங்களத்தூர். இன்று அங்கே ரோட்டோரம் கண்ணாடி மாளிகைகளாக ஐ.டி. வளாகம் நிற்கிறது. அந்த இடத்தில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற கார் தொழிற்சாலை இருந்தது. ஹூண்டாய், ஃபோர்டு எல்லாம் வருவதற்குப் பல வருஷம் முன்பே சென்னையில் கார் செய்த கம்பெனி அது.

அந்தக் கம்பெனி கடைசியாகச் செய்த காரின் பெயர் ஸ்டாண்டர்டு 2000. 1985ல் வந்தது, 1988ல் நின்றது. "பழைய என்ஜினைப் போட்டுக் கெடுத்துவிட்டார்கள்" என்பதுதான் அதைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் ஒற்றை வரித் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு பாதிதான் உண்மை என்பது என் கருத்து. ஏனென்றால் அதே என்ஜின்தான் 1953ல் உலகம் கொண்டாடிய ஒரு ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்கியது. ஒரு இடத்தில் ஜெயித்த என்ஜின் இன்னொரு இடத்தில் ஏன் தோற்றது? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

டிராக்டரோடு பிறந்த என்ஜின்

இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரம். இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியை நடத்தியவர் சர் ஜான் பிளாக். கார், டிராக்டர் இரண்டுக்கும் பயன்படுகிற மாதிரி ஒரே என்ஜின் குடும்பத்தை அங்கே தயாரித்தார்கள். 1947ல் அறிமுகமான ஸ்டாண்டர்டு வான்கார்டு காரில் அதன் 2,088 சி.சி. வடிவம் இருந்தது. அதன் உறவுக்காரன் ஹாரி ஃபெர்குசனின் டி.இ.20 டிராக்டரில் உழவு ஓட்டியது. அந்த டிராக்டரையும் கோவென்ட்ரியில் ஸ்டாண்டர்டு கம்பெனியே செய்து கொடுத்தது. 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் அந்த டிராக்டர்கள் தயாராயின.

இந்த என்ஜினின் முக்கியமான விஷயம் அதன் லைனர். நம் ஊரில் டிராக்டர் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும். பிஸ்டன் மேலும் கீழும் ஓடி ஓடி சிலிண்டர் சுவர் தேய்ந்துவிடும். சாதாரண கார் என்ஜினில் அப்போது பிளாக்கையே கழற்றி லேத்துக்குக் கொண்டுபோய் போர் அடித்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். இப்படி நாலைந்து முறைதான் செய்ய முடியும். லைனர் என்ஜினில் அந்தத் தொல்லை இல்லை. சிலிண்டர் சுவரே தனிக் குழாய். தேய்ந்தால் அதை உருவி எடுத்துவிட்டுப் புதுசு சொருகலாம். அந்தக் குழாயின் வெளிப்பக்கத்தில் ரேடியேட்டர் தண்ணீர் நேரடியாகப் படுவதால் இதை ஈர லைனர் என்பார்கள்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. உள் விட்டம் வேறான லைனரைப் போட்டால் என்ஜினின் சி.சி.யே மாறிவிடும்! இந்த என்ஜினில் பிஸ்டன் ஓடும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 92 மி.மீ. சிலிண்டர் நாலு. லைனர் விட்டம் 85 மி.மீ. என்றால் 2,088 சி.சி. 83 மி.மீ. என்றால் 1,991. 86 மி.மீ. என்றால் 2,138. பள்ளிக்கூடத்தில் படித்த உருளையின் கனஅளவு சூத்திரம்தான், கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பாருங்கள். இதில் 1,991 என்ற எண்ணை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் அது இரண்டு முறை வரும்.

முதல் மாற்றம்: டி.ஆர்.2

ஜான் பிளாக் 1944ல் ட்ரையம்ஃப் என்ற நொடித்த கார் கம்பெனியை வாங்கியிருந்தார். அவருக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்ய ஆசை. காரணம் டாலர். போருக்குப் பிறகு பிரிட்டன் கடனில் கிடந்தது. ஏற்றுமதி செய்கிறவனுக்குத்தான் இரும்பு. அமெரிக்கர்கள் எம்.ஜி. போன்ற சின்ன இரண்டு சீட் பிரிட்டிஷ் கார்களை ஆசையாக வாங்கிக்கொண்டிருந்தார்கள். பிளாக் முதலில் மோர்கன் கம்பெனியை வாங்கப் பார்த்தார். மோர்கன் தன் பிளஸ் 4 காரில் ஏற்கெனவே வான்கார்டு என்ஜினைத்தான் போட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் விற்க மறுத்துவிட்டார்கள். சரி, நாமே செய்வோம் என்று இறங்கினார்.

புது என்ஜின் செய்யக் காசும் இல்லை, நேரமும் இல்லை. கையில் இருந்தது டிராக்டர் வம்சத்து வான்கார்டு என்ஜின். 1952 லண்டன் கண்காட்சியில் முதல் மாதிரி காரை வைத்தார்கள். பந்தயக் கார் அனுபவம் உள்ள கென் ரிச்சர்ட்சனைக் கூப்பிட்டு ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். ஓட்டிப் பார்த்தவர் தயவுதாட்சண்யம் இல்லாமல் காரைக் கிழித்துத் தொங்கவிட்டார். கம்பெனி கோபித்துக்கொள்ளவில்லை. "அப்போ நீயே வந்து சரிசெய்" என்று அவரையே வேலைக்கு எடுத்துக்கொண்டது. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

அடுத்த சில மாதங்களில் நடந்த வேலையைக் கவனியுங்கள். என்ஜினைத் தூக்கி அப்படியே வைத்துவிட்டுப் போகவில்லை. ஏறக்குறைய மறுபிறப்பு கொடுத்தார்கள். பந்தயங்களில் 2 லிட்டருக்குக் கீழ் என்று ஒரு பிரிவு உண்டு. அதற்குள் வர 83 மி.மீ. லைனர் போட்டு 1,991 சி.சி. ஆக்கினார்கள். கார்புரேட்டர் ஒன்றுக்குப் பதில் இரண்டு. கம்ப்ரஷனை உயர்த்தினார்கள். சேஸிஸையும் பலப்படுத்தினார்கள். வான்கார்டில் 68 ஹார்ஸ்பவர் கொடுத்த என்ஜின் இப்போது 90 கொடுத்தது.

1953 மே மாதம் பெல்ஜியத்தில் யாபேக என்ற ஊர் நெடுஞ்சாலையில் ரிச்சர்ட்சன் டி.ஆர்.2 காரை மணிக்கு 124 மைலுக்கும் மேலே ஓட்டிக் காட்டினார். அதாவது சுமார் 200 கிலோமீட்டர். அடுத்த வருஷம், 1954ல், இங்கிலாந்தின் ஆர்.ஏ.சி. ராலியில் முதல் இடமும் இரண்டாம் இடமும் டி.ஆர்.2க்கு. டிராக்டர் வம்சம் என்று கேலி பேசியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

பிறகு டி.ஆர்.3, டி.ஆர்.4 என்று அதே என்ஜின் தொடர்ந்தது. ஆனால் 1967ல் டி.ஆர்.5 வந்தபோது ட்ரையம்ஃப் இந்த என்ஜினைக் கைவிட்டு ஆறு சிலிண்டர் 2.5 லிட்டர் என்ஜினுக்கு மாறிவிட்டது. பெற்ற தாயே "இதற்கு மேல் இவனால் முடியாது" என்று ஒதுக்கிய வருஷம் 1967. இந்த வருஷத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் ஸ்டாண்டர்டு

இந்தியாவில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1948ல் தொடங்கப்பட்டது. ஆரம்பத்தில் செய்தது அதே வான்கார்டு காரைத்தான். சுதந்திரத்துக்குப் பிந்தைய அரசின் கொள்கை தெளிவாக இருந்தது. வெளிநாட்டுப் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்பது மட்டும் கூடாது, இங்கேயே தயாரிக்க வேண்டும். பூட்டி மட்டும் விற்ற ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு எல்லாம் 1950களில் மூட்டை கட்டின. கார் செய்பவர்களாக மிஞ்சியது கல்கத்தாவின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயின் பிரீமியர், சென்னையின் ஸ்டாண்டர்டு. அந்தக் காலத்தில் நாட்டுக்கே கார் என்றால் இந்த மூன்று கம்பெனிதான்.

1961ல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம் அப்பா, தாத்தா தலைமுறைக்கு நன்றாகத் தெரிந்த கார். இங்கிலாந்தில் இரண்டு கதவோடு இருந்த ஹெரால்டுக்கு நாலு கதவு வைத்தது சென்னைக்காரர்கள்தான். இது உலகத்தில் வேறெங்கும் கிடையாது. சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களிலும் ஹெரால்டு ஓடியது. 1972ல் உடம்பைக் கொஞ்சம் மாற்றி கெஸல் என்ற பெயரில் விட்டார்கள். உள்ளே அதே 948 சி.சி. என்ஜின்தான். 1977ல் கெஸலும் நின்றது. அதன் பிறகு கம்பெனி வேன் மட்டும் செய்து காலம் தள்ளியது.

இதில் ஒரு பழக்கம் தெரிகிறதல்லவா? சட்டையை மாற்று, என்ஜினை மாற்றாதே. இதற்குக் கம்பெனியை மட்டும் குறை சொல்ல முடியாது. லைசென்ஸ் ராஜ்யத்தில் புது என்ஜினுக்கான இயந்திரங்களை இறக்குமதி செய்ய அரசு அனுமதி வேண்டும், அந்நியச் செலாவணி வேண்டும். கார் வாங்குகிறவன் எப்படியும் வரிசையில் நின்று வாங்கப் போகிறான். போட்டி இல்லாத சந்தையில் புது என்ஜின் வெறும் செலவுக் கணக்கு. 1983 வரை இந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. கணக்கே மாறிப்போனது.

இரண்டாவது மாற்றம்: ரோவர் உடம்பில் வான்கார்டு இதயம்

ஸ்டாண்டர்டு கம்பெனி மறுபடி கார் செய்ய முடிவெடுத்தபோது தேர்ந்தெடுத்தது சாதாரணக் காரை இல்லை. ரோவர் எஸ்.டி.1. 1976ல் இங்கிலாந்தில் வெளியாகி, 1977ன் ஐரோப்பாவின் சிறந்த கார் விருதை வாங்கியது. வடிவமைத்தவர் டேவிட் பேச். ஃபெராரி டேடோனாவின் சாயல் மூக்கில் தெரியும். பின்னால் சரிந்து இறங்கும் கூரை, ஐந்தாவது கதவு. அம்பாசடரும் பத்மினியும் ஓடிய ரோட்டில் இது வேற்றுக்கிரகத்து வண்டி மாதிரி இருந்திருக்கும்.

இங்கிலாந்தில் அந்தக் காருக்கு இருந்த என்ஜின் 3.5 லிட்டர் வி8, 155 ஹார்ஸ்பவர். வேடிக்கை என்னவென்றால் அந்த வி8லும் ஒரு என்ஜின் மாற்றக் கதை இருக்கிறது. அது அமெரிக்காவின் பியூக் கம்பெனி 1961ல் செய்த அலுமினிய என்ஜின். அவர்கள் வேண்டாம் என்று நிறுத்தியதை ரோவர் உரிமையோடு வாங்கி மெருகேற்றியது. எடை குறைவு, சக்தி அதிகம் என்பதால் மோர்கன், எம்.ஜி., ட்ரையம்ஃப் என்று பல ஸ்போர்ட்ஸ் கார்களில் அது புகுந்தது. இன்றைக்கும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு என்ஜின் மாற்றுகிறவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

சென்னைக்கு உடம்பு வந்தது. வி8 வரவில்லை. பெட்ரோல் விலை, இறக்குமதி வரி, அந்நியச் செலாவணி எல்லாம் சேர்ந்து அதற்கு வழிவிடவில்லை. பழைய வான்கார்டு குடும்பத்து என்ஜினை இங்கேயே செய்ய முடியும். அதையே போட்டார்கள். அளவு 1,991 சி.சி.!

டி.ஆர்.2ன் அதே எண். 1953ல் கோவென்ட்ரியில் கொண்டாடப்பட்ட என்ஜின், 32 வருஷம் கழித்து, தாய்வீட்டில் ஒதுக்கப்பட்டும் 18 வருஷம் கழித்து, பெருங்களத்தூரில் புதுக் காரின் இதயமாக வந்து உட்கார்ந்தது. கொடுத்த சக்தி 80ஐச் சற்றே தாண்டிய ஹார்ஸ்பவர். நம் ரோட்டுப் பள்ளங்களுக்காகக் காரின் உயரத்தையும் கூட்டினார்கள்.

இப்போது கணக்கு

இனி நம் ஏரியா. காமர்ஸ் பிள்ளைகளுக்கு ரேஷியோ என்றால் குஷிதானே. ஒரு கம்பெனியின் லாபத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்ல மாட்டோம், போட்ட முதலோடு வகுத்துப் பார்ப்போம். என்ஜினுக்கும் அப்படித்தான். ஹார்ஸ்பவரை மட்டும் பார்க்கக் கூடாது, சுமக்கிற எடையால் வகுக்க வேண்டும். (ஹார்ஸ்பவரை அளக்கும் முறை காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அதனால் எல்லாமே தோராயக் கணக்கு.)

வான்கார்டு: 68 ஹார்ஸ்பவர், சுமார் 1,200 கிலோ. டன்னுக்கு 55 சொச்சம்.

டி.ஆர்.2: 90 ஹார்ஸ்பவர், சுமார் 850 கிலோ. டன்னுக்கு 105 அளவில்.

ரோவர் எஸ்.டி.1 வி8: 155 ஹார்ஸ்பவர், சுமார் 1,350 கிலோ. டன்னுக்கு 115 அளவில்.

ஸ்டாண்டர்டு 2000: 80 சொச்சம் ஹார்ஸ்பவர், சுமார் 1,300 கிலோ. டன்னுக்கு 60ஐச் சற்றுத் தாண்டும்.

மாருதி 800: 40க்குச் சற்றுக் குறைவான ஹார்ஸ்பவர், சுமார் 620 கிலோ. டன்னுக்கு அதுவும் 60ஐச் சற்றுத் தாண்டும்!

கடைசி இரண்டு வரியையும் இன்னொரு தடவை படியுங்கள். ஐம்பதாயிரம் ரூபாய் அளவில் விற்ற சின்ன மாருதியும், அதைவிடப் பல மடங்கு விலை சொன்ன ஆடம்பரக் காரும் எடைக்கேற்ற சக்தியில் சமம். மாருதி ஜப்பானின் புது என்ஜினோடு மைலேஜும் கொடுத்தது. ஸ்டாண்டர்டு 2000 காசு கொட்டி வாங்கியவனுக்குப் பந்தா கொடுத்தது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் பெருமூச்சு விட்டது. மைலேஜ் விஷயத்திலும் வரி விஷயத்திலும் கிளம்பிய சர்ச்சைகள் வெந்த புண்ணில் வேலாகப் பாய்ந்தன.

என்ஜினின் குணமும் ஒரு காரணம். 92 மி.மீ. ஸ்ட்ரோக் நீளமானது. கிராங்க் ஒரு சுற்று சுற்றும்போது பிஸ்டன் 184 மி.மீ. ஓட வேண்டும். ரோவர் வி8ல் ஸ்ட்ரோக் 71 மி.மீ.தான், மாருதியில் 72. அதோடு இந்த என்ஜினின் கிராங்கைத் தாங்குவது மூன்றே மூன்று மெயின் பேரிங். ஆகவே இது குறைந்த வேகச் சுழற்சியில் நிதானமாக இழுக்கிற ஆள். முறுக்கினால் மூச்சு வாங்கும். 850 கிலோ காரில் அந்த இழுவை தாராளம். 1,300 கிலோ காரில், அதுவும் வேகமாகப் போகும் என்று பார்வையிலேயே வாக்குக் கொடுக்கிற காரில், அது போதவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், என்ஜின் மோசமில்லை. ஜான் பிளாக்கும் கையில் இருந்ததைத்தான் போட்டார். ஆனால் அதற்கேற்ற எடையில் ஒரு உடம்பைச் செய்தார். குறை சொன்ன ஆளை உள்ளே கூப்பிட்டுத் திருத்தவும் வைத்தார். பெருங்களத்தூரில் உடம்பு முன்கூட்டியே முடிவாகிவிட்டது, என்ஜினும் முன்கூட்டியே முடிவாகிவிட்டது. இரண்டுக்கும் ஜாதகப் பொருத்தம் பார்க்கிற வேலைக்குத்தான் இடமே இல்லாமல் போனது.

பொருத்தம் இல்லாவிட்டால் திருத்த முடியாதா?

முடியும். அதற்கு உதாரணம் அதே வருஷங்களிலேயே இருக்கிறது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984ல் கான்டெஸா காரைக் கொண்டுவந்தது. அதுவும் பிரிட்டிஷ் கார்தான், வாக்ஸ்ஹால் விக்டரின் உடம்பு. என்ஜின்? அம்பாசடரின் அதே 1,489 சி.சி. சுமார் 50 ஹார்ஸ்பவர். அதாவது ஸ்டாண்டர்டு 2000ஐ விட மோசமான பொருத்தம்! ஊர் முழுக்கக் குறை சொன்னார்கள்.

ஆனால் சில வருஷத்திலேயே, 80களின் பிற்பகுதியில், அவர்கள் ஜப்பானின் இசுஸு கம்பெனியிடமிருந்து 1.8 லிட்டர் என்ஜினை வாங்கி, ஐந்து கியரோடு கான்டெஸாவுக்குள் வைத்துவிட்டார்கள். சக்தி 85ஐத் தாண்டியது. உடம்பு அதேதான், ஆனால் கார் வேறாகிவிட்டது. அரசியல்வாதி, சினிமாக்காரர், கம்பெனி முதலாளி எல்லாரும் ஏறினார்கள். 2002 வரை கான்டெஸா தயாரானது. 1992ல் அம்பாசடருக்கே அந்த இசுஸு என்ஜின் கிடைத்தது.

ஹிந்துஸ்தானால் முடிந்தது ஸ்டாண்டர்டால் ஏன் முடியவில்லை? என் கணிப்பு இது. ஹிந்துஸ்தானிடம் அம்பாசடர் இருந்தது. அரசாங்கமும் டாக்ஸிக்காரர்களும் தினமும் வாங்கினார்கள். கான்டெஸா ஒரு முறை சறுக்கினாலும் கல்லாவில் காசு விழுந்துகொண்டே இருந்தது. அந்தக் காசு இரண்டாவது வாய்ப்பை வாங்கிக் கொடுத்தது. ஸ்டாண்டர்டுக்கு 1977லிருந்து வேறு காரே இல்லை. கையில் இருந்ததெல்லாம் ஒரே தோட்டா. அது குறி தவறியதும் கதை முடிந்தது. ஒர்க்கிங் கேபிட்டல் பாடத்தில் வாத்தியார் எவ்வளவு சொன்னாலும் ஏறாதது இந்த இரண்டு காரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது எனக்கு ஏறியது.

மூடிய பிறகு

1988ல் உற்பத்தி நின்றது. ஒரு கார் தோற்றது என்று நாம் சுலபமாக எழுதிவிடுகிறோம். தோற்ற காருக்குப் பின்னால் ஷிஃப்டுக்குச் சைக்கிளிலும் எலக்ட்ரிக் ட்ரெயினிலும் வந்துபோன தொழிலாளர்கள் இருந்தார்கள். பிளாக் வார்க்கத் தெரிந்தவர், கிராங்க் கிரைண்டிங்கில் நூலளவு பிசகாதவர், சும்மா சத்தத்தை வைத்தே டேப்பெட் கோளாறு சொல்லுகிறவர். அந்தக் கைத்தொழில் அறிவு ஒரு பாலன்ஸ் ஷீட்டிலும் சொத்தாகக் காட்டப்படுவதில்லை. கம்பெனி மூடினால் அது ஏலத்துக்கும் வராது.

மற்றதெல்லாம் ஏலத்துக்கு வந்தது. 2006ல் தொழிற்சாலை இடம் ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனத்துக்குப் போனது. கிடங்கில் தேங்கிக் கிடந்த ரோவர் உதிரிபாகங்களை வாங்கியது யார் தெரியுமா? இங்கிலாந்தைச் சேர்ந்த ஒரு உதிரிபாக வியாபார நிறுவனம். அங்கே எஸ்.டி.1ஐப் பாசமாக வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள், பாகம் கிடைக்காமல் தவித்தவர்கள். அவர்களுக்குச் சென்னையிலிருந்து கதவும் கண்ணாடியும் போனது. நம்மிடம் குப்பையாகக் கிடந்தது அங்கே பொக்கிஷம். பொருத்தம்தான் எல்லாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அந்த 1,991 சி.சி. என்ஜினும் சாகவில்லை. டி.ஆர். கார் வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்க இன்றும் அதை இறக்கிப் புதுப்பிக்கிறார்கள். எழுபது வருஷப் பழைய என்ஜினுக்கு இன்றும் புது லைனரும் பிஸ்டனும் செட்டாகக் கிடைக்கின்றன. அப்படிப் புதுப்பிக்கும்போது ஒரு நுணுக்கம் உண்டு. லைனரின் அடியில் எட்டு வடிவத்தில் ஒரு மெல்லிய கேஸ்கெட், இரண்டு லைனருக்கு ஒன்று. மேலே லைனரின் விளிம்பு பிளாக்கின் மட்டத்தைவிட ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு உயரமாக நிற்க வேண்டும். அதாவது சுமார் பத்தில் ஒரு மில்லிமீட்டர். அது குறைந்தால் ஹெட் அழுத்திப் பிடிக்காது, தண்ணீர் ஆயிலில் கலந்துவிடும். ஹெட்டைக் கழற்றி வைத்திருக்கும்போது லைனரை அழுத்திப் பிடிக்காமல் கிராங்கைச் சுற்றினாலும் லைனர் எழும்பி, கீழே சீல் போய்விடும். எல்லாம் புதுப் பாகமாகப் போட்டும் இந்த ஒரு அளவைப் பார்க்காமல் விட்டால் மறுபடி இறக்க வேண்டியதுதான்.

வருஷக் கணக்கில் உழைத்துச் செய்த வேலை பத்தில் ஒரு மில்லிமீட்டரில் நிற்கிறது. கம்பெனி கதையும் கிட்டத்தட்ட அதேதான். நல்ல உடம்பு இருந்தது, நல்ல என்ஜின் இருந்தது, நல்ல தொழிலாளர்கள் இருந்தார்கள். ஒன்றோடு ஒன்று உட்காருகிற இடத்தில் அளவு பார்க்க அவகாசம் இல்லை, திரும்பி ஒருமுறை திருத்தப் பணமும் இல்லை.

அதற்குப் பிறகு சென்னையைச் சுற்றிக் கார் தொழில் பெரிதாக வளர்ந்தது. 1998ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. நம் ரோட்டிலேயே மறைமலை நகரில் ஃபோர்டு வந்தது, 2022ல் உற்பத்தியை நிறுத்தவும் செய்தது. கம்பெனி வரும், போகும். வரும்போது மாலை போடுகிறோம், போகும்போது ஏன் போனது என்று கணக்குப் பார்க்கிறோமா? ஸ்டாண்டர்டு விஷயத்தில் "பழைய என்ஜின்" என்ற இரண்டு வார்த்தையில் கணக்கை முடித்துவிட்டோம். அந்தப் பழைய என்ஜினைச் சரியான இடத்தில் வைத்தவர்கள் ராலி ஜெயித்தார்கள்.

நாளைக்கு நாமும் ஏதாவது ஒரு ஆபீஸில் உட்கார்ந்து "இருக்கிற சாமானை வைத்தே ஒப்பேற்றலாம்" என்ற ஃபைலில் கையெழுத்துப் போடப் போகிறவர்கள்தான். அப்படிப் போடுவது தப்பில்லை, ஜான் பிளாக்கும் போட்டவர்தான். போடுவதற்கு முன்னால் எடையைப் போட்டு வகுத்துப் பாருங்கள். முடிந்தால் குறை சொல்கிற ஒரு ரிச்சர்ட்சனையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.